நுகர்வோர் நம்பிக்கையா, துணிவா?

ஆங்கிலத்தில் 'கன்ஸ்யூமர் கான்ஃபிடன்ஸ்' என்பதைத் தமிழில் 'நுகர்வோர் நம்பிக்கை' என்கிறார்கள். 'நுகர்வோர் நம்பிக்கை சரிந்தது' என்று தொலைக்காட்சியில் வாசித்தால், கேட்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது கலப்படப் பாலும் நுகர்வோர் நீதிமன்றமும்தான். செய்தி அதைப் பற்றியதே அல்ல. வேலை நிலைக்குமா, சம்பளம் ஏறுமா, விலைவாசி அடங்குமா என்று குடும்பங்கள் போடும் கணக்கைப் பற்றியது.

'கான்ஃபிடன்ஸ்' லத்தீன் வழிச் சொல். வேரில் நம்புதல் என்ற பொருள் உண்டு. வேரைப் பார்த்து மொழிபெயர்த்ததில்தான் வம்பு. தமிழில் நம்பிக்கைக்கு ஒரு பிடிமானம் வேண்டும்: கடவுள்மேல், சீட்டு பிடிப்பவர்மேல், டாக்டர்மேல். இங்கே எவர்மேல்? சொல்லாததால் கேட்பவர் கடைக்காரரைப் பிடித்துக்கொள்கிறார். 'வாடிக்கையாளர் நம்பிக்கை' இன்னும் மோசம். வாடிக்கையாளர் அண்ணாச்சி கடைக்கு உண்டு, நாட்டுக்கு ஏது?

எதிர்காலத்தைப் பற்றிய நம்பிக்கையும் நம்பிக்கைதானே என்பார்கள். சரி, ஆனால் அது பாதிதான். சென்னை உள்ளிட்ட நகரங்களில் ரிசர்வ் வங்கி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் கணிப்பில் பொதுப் பொருளாதாரம், வேலைவாய்ப்பு, விலைவாசி, வருமானம், செலவு ஆகிய ஐந்தையும் பற்றிக் கேட்கிறார்கள். போன வருடத்தைவிட இப்போது எப்படி என்பது ஒரு குறியீடு. அடுத்த வருடம் எப்படியிருக்கும் என்பது இன்னொன்று. நடந்து முடிந்ததைப் பற்றிய பதிலை நம்பிக்கை என்று எப்படிச் சொல்வது?

'துணிவு' இரண்டுக்கும் பொருந்தும். துணிதல் என்றால் அறுபடுதல், முடிவாதல். (தி.நகரில் எடுக்கும் துணியும் இதே வேர்தான்.) நேற்றையும் நாளையையும் எடைபோட்டு, ஃப்ரிட்ஜ் வாங்கலாம், பைக்குக்குத் தவணை கட்டலாம் என்று முடிவெடுப்பது துணிவு. அரிசி, பால் வாங்க அது வேண்டாம். மந்தநிலையில் முதலில் தள்ளிப்போவதும் அவை அல்ல. அமெரிக்காவில் மந்தநிலை 2009 ஜூனில் முடிந்ததாகக் கணக்கு. வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது அக்டோபரில். வளர்ச்சி திரும்பியும் மக்கள் கையை இறுக்கியே வைத்திருந்ததற்கு இது ஒரு காரணம். அவர்களுக்கு எந்தக் கடைமேலும் அவநம்பிக்கை இல்லை, துணிவுதான் வரவில்லை.

எண்களையாவது சரியாக எழுதுகிறார்களா? 2021 மே மாதத்தில் ரிசர்வ் வங்கியின் நடப்பு நிலைக் குறியீடு (போன வருடத்தோடு ஒப்பிடுவது) 48.5. இது சதவீதம் அல்ல. ஒவ்வொரு கேள்விக்கும் 'மேம்பட்டது' என்றவர்களின் சதவீதத்திலிருந்து 'மோசம்' என்றவர்களின் சதவீதத்தைக் கழித்து, ஐந்துக்கும் சராசரி கண்டு, 100-ஐக் கூட்டுகிறார்கள். 30 பேர் மேம்பட்டது, 50 பேர் மோசம், மீதி 20 பேர் மாற்றமில்லை என்றால் மைனஸ் 20. ஐந்திலும் அப்படியே வந்தால் குறியீடு 80. நூறுக்குக் கீழே என்றால் மோசம் என்ற பதிலே அதிகம். அதைப் போய் '80 சதவீதம் பேருக்கு நம்பிக்கை' என்று எழுதினால் செய்தியே தலைகீழ். செலவு கூடியது என்ற பதில் மேம்பாடாகவே சேரும், விலை ஏறியதால் கூடிய செலவானாலும்.

இதோடு 'ரெகவரி'யைப் 'பொருளாதார மீட்பு' என்று எழுதுவது வேறு. மீட்பு, தீயணைப்புத் துறை செய்வது. அடகு நகைக்கும் அது உண்டு. பொருளாதாரம் தானாக எழுந்து வருவது மீட்சி.