யாரும் மறிக்காமலே நிற்கும் ரோடு

கோவை அவிநாசி ரோட்டில் சாயங்கால நேரம் போய் வருகிறவர்களுக்கு இது பழக்கம். வண்டிகள் திடீரென்று நிற்கும், கொஞ்ச தூரம் ஊரும், அப்புறம் தானாக வழி விட்டுவிடும். முன்னால் விபத்தும் இருக்காது, சிக்னலும் இருக்காது. பிறகு எதற்கு நின்றோம்?

எங்கோ ஒருவர் பிரேக்கை லேசாகத் தொட்டதற்காக. பின்னால் வருபவர் அதைப் பார்த்துக் காலை அழுத்த ஒரு வினாடியாவது ஆகும். 60 கி.மீ. வேகத்தில் அதற்குள் வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அதனால் அவர் கொஞ்சம் கூடுதலாக அழுத்துவார், அடுத்தவர் இன்னும் கூடுதலாக. இப்படியே போனால் கடைசி வண்டி நின்றேவிடும். ஜப்பானில் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொல்லிப் பார்த்தார்கள். 2008ல் வெளியான முடிவு இதுதான்: தடை எதுவும் இல்லாமலே நெரிசல் முளைத்து, அலைபோலப் பின்னோக்கி நகர்ந்தது.

ஆள் ஓட்டாமல் தானே ஓடும் தானோட்டி கார் இந்த அலையை அடக்கும். அதன் ரேடார் முன்வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் வினாடிக்குப் பல முறை அளக்கிறது. பிரேக் தேவைப்படும் முன்பே வேகத்தை மெல்லத் தளர்த்திவிடும். அமெரிக்காவின் அரிசோனாவில் இதேபோல ஒரு வட்டத்தில் இருபது வண்டிகளுக்கு நடுவே இப்படி ஒன்றை ஓட்டினார்கள். அந்த ஒன்றே போதுமாக இருந்தது.

நம் ஊரில் சிக்கல் வேறு. கார் விடும் இடைவெளியில் ஒரு பைக் நுழையும். கார் இன்னும் தள்ளி வரும், அங்கே இன்னொரு பைக். அதனால் காந்திபுரத்துக்கு இது சீக்கிரம் வராது என்றுதான் நினைக்கிறேன். செங்கப்பள்ளி–நீலாம்பூர் ஆறுவழிச் சாலையில், ராத்திரியில், சங்ககிரி, நாமக்கல் லாரிகளில் முதலில் வரலாம். இயந்திரத்துக்குத் தூக்கம் வராது. சரக்கு ராத்திரிக்கு மாறினால் பகலில் ரோடு இளகும்.

என் பயமெல்லாம் காலி கார்களைப் பற்றித்தான். முதலாளியை ஆபீசில் இறக்கிவிட்டு, நிறுத்த இடமில்லாமல் கார் வீட்டுக்குத் திரும்பும். சாயங்காலம் மறுபடி காலியாக வரும். இரண்டு நடை நான்காகும். அவிநாசி ரோட்டின் கோல்டுவின்ஸ்–உப்பிலிபாளையம் 10.1 கி.மீ. மேம்பாலமும் அதைத் தாங்காது.

அதே இயந்திரத்தைப் பத்துப் பேர் ஏறும் வேனில் வைத்தால் கணக்கு மாறும். திருப்பூரில் பனியன் கம்பெனி விட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு மெயின் ரோட்டில் பஸ் இறங்கும் பெண்ணுக்கு ஊர் இன்னும் இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும். இருட்டில் அந்த மண்பாதையில் மெதுவாக வந்து நிற்கும் ஒரு வேன் முதலில் கிடைக்க வேண்டியது அவருக்குத்தான்.