பர் கிரைண்டர்: தமிழில் காபித் திரிகை

வீட்டில் எஸ்பிரெசோ போட மின்சார கிரைண்டர் தேடத் தொடங்கியவர்கள் சீக்கிரமே 'பர்' என்ற சொல்லில் வந்து நிற்பார்கள். பர் கிரைண்டர் வாங்கு, பிளேடு கிரைண்டர் பக்கமே போகாதே என்று காபிப் பிரியர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். பர் என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டால் "உள்ளே அரைக்கிற பாகம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தச் சொல்லின் கதை தெரிந்தால் எதைப் பார்த்து வாங்குவது என்பதில் பாதி தெளிந்துவிடும்.

ஆங்கிலத்தில் பர் என்பதற்கு முதற்பொருள் துணியில் ஒட்டிக்கொள்ளும் முள்விதை, நம் நாயுருவியைப் போல. வடஐரோப்பிய மொழிகளில் அதற்கு உறவுச் சொற்கள் உண்டு, டேனிஷில் 'போர்ர'. தொட்டால் உறுத்தும் எதற்கும் பிறகு அந்தப் பெயர் பரவியது. உலோகத்தைத் துளைத்ததும் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்மையும் பர்தான். அதை லேத் பட்டறைகளில் பிசிறு என்பார்கள். அகராதியில் பிசிறைப் பார்த்துவிட்டு 'பிசிறு அரைப்பான்' என்று மொழிபெயர்த்தால் சொல் தமிழாக இருக்கும், பொருள் காணாமல் போயிருக்கும். சாணை என்பதும் அப்படித்தான். கத்தி தீட்டும் கல்லையும் ஆங்கிலம் கிரைண்டர் கணக்கில் சேர்க்கும். காபிக்கு அங்கே வேலை இல்லை.

காபிக்கு வந்த பர், மாவு ஆலையிலிருந்து வந்தது. ஐரோப்பிய மாவு ஆலைகளில் மிகவும் மதிக்கப்பட்ட அரைகல் பாரிசுக்குக் கிழக்கே மார்ன் ஆற்றங்கரையில் உள்ள லா ஃபெர்த்தே-சூ-ழுவார் என்ற ஊர்ப்பக்கம் வெட்டி எடுக்கப்பட்ட ஒருவகைப் படிகக்கல். உடம்பெல்லாம் சிறு பொத்தல்கள், ஒவ்வொரு பொத்தலின் விளிம்பும் கூர்மையானது. துண்டு துண்டாக வெட்டி, சேர்த்து ஒட்டி, இரும்புப் பட்டை கட்டி வட்டக்கல் ஆக்குவார்கள். கடல் கடந்து அமெரிக்காவரை போன கல் அது. அந்தச் சொரசொரப்புக்காகவே பர் கல் என்ற பெயர் ஒட்டியது என்பார்கள். கல் போய் எஃகு வந்த பிறகும் பெயர் மாறவில்லை. ஆக, காபி கிரைண்டருக்குள் இருக்கும் பர் ஓர் அரைகல்தான்.

மற்ற மொழிகள் இதை மறைக்கவே இல்லை. பிரெஞ்சில் 'மூலேன்', ஜெர்மனில் 'காஃபேம்யூலெ', எல்லாமே ஆலை என்று பொருள்படும் சொற்கள். லத்தீனில் அரைகல்லுக்கு இருந்த 'மோலா' என்ற சொல்லின் வழித்தோன்றல்கள். பிரெஞ்சுக் கார் நிறுவனமான பெஜோ 1840-இல், கார் என்ற ஒன்று பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, காபி ஆலை செய்து விற்றது. எஸ்பிரெசோவின் தாய்மொழியான இத்தாலியனில் அரைகல்லுக்கு 'மாச்சினா' என்று பெயர், எஃகுப் பர்ருக்கும் அதே பெயர். அந்த மாச்சினா, இயந்திரத்தைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழிலும் இதே வழியில் ஒரு சொல் நடந்திருக்கிறது. யந்திரம் என்ற வடசொல் எந்திரமாகி, சில வட்டாரங்களில் மாவு திரிக்கும் கல்லுக்கே எந்திரக்கல் என்று பெயராகிவிட்டது. ஒருகாலத்தில் வீட்டில் இருந்த ஒரே இயந்திரம் அதுதான் போலும், இரண்டு நாட்டிலும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? அரைப்பான், அரைவை இயந்திரம் என்று எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் இடிப்பது வேறு, அரைப்பது வேறு, திரிப்பது வேறு என்று தமிழ் தனித்தனியே வினை வைத்திருக்கிறது. உலக்கையால் மேலிருந்து குத்தினால் இடித்தல். கல்லோடு கல் வைத்து, பெரும்பாலும் நீர் சேர்த்துத் தேய்த்தால் அரைத்தல். இரண்டு வட்டக்கல் நடுவே உலர்ந்த தானியத்தை விட்டுச் சுற்றினால் திரித்தல். அந்தக் கருவி திரிகை. திருகு என்ற சொல்லோடு சேர்த்துத் திருகை என்றும் சொல்வார்கள், இரண்டும் வழக்கில் உண்டு. திரி என்றாலே சுற்று, முறுக்கு என்பதுதான் பொருள். கயிறு திரிப்பதும் அதே வினைதான். (கிரைண்டர் விளம்பரங்களில் இரண்டு பொருளும் பொருந்தும்.)

திரிகையின் அமைப்பைப் பாருங்கள். அடிக்கல் அசையாது. மேற்கல் சுற்றும். நடுக்குழியில் போட்ட தானியம் உடைந்து, நசுங்கி, விளிம்பை நோக்கி நகர்ந்து வெளியே கொட்டும். கற்களின் முகத்தில் கொத்தியிருக்கும் வரிகள்தான் வெட்டுவது. தட்டைப் பர் கிரைண்டரில் நடப்பது இதேதான்: இரண்டு எஃகு வளையங்கள், ஒன்று நிற்கும், ஒன்று சுற்றும், விதை நடுவில் விழுந்து ஓரத்தில் பொடியாக வரும். கூம்புப் பர்ரில் பல்வைத்த கூம்பு ஒன்று வளையத்துக்குள் சுற்றும். விதை மேலே நுழைந்து கீழே விழும். ஒன்றைத் தட்டைத் திரிகை, மற்றதைக் கூம்புத் திரிகை என்று சொல்லிவிட்டால் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. மின்சாரத்தில் ஓடுவது மின்திரிகை.

பிளேடு கிரைண்டர் இந்த மூன்று வினையிலும் சேராது. அதற்குப் பேச்சுத் தமிழ் சரியான சொல்லை வைத்திருக்கிறது: அடிப்பது. மிக்ஸியில் அடி என்கிறோம் அல்லவா, அதே. சுழலும் கத்தி எதிர்ப்பட்டதை எல்லாம் அடிக்கும். எத்தனை முறை அடிபட்டது என்பதைப் பொறுத்து ஒரு துணுக்கு மாவாகவும் பக்கத்துத் துணுக்கு குருணையாகவும் நிற்கும். நேரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அளவைப் பிடிக்க முடியாது. திரிகையில் அளவைத் தீர்மானிப்பது நேரம் அல்ல, இரண்டு கல்லுக்கும் நடுவிலுள்ள இடைவெளி. அந்த இடைவெளியை எவ்வளவு நுணுக்கமாக மாற்ற முடியும், மாற்றிய இடத்தில் எவ்வளவு ஆடாமல் நிற்கும் என்பதற்குத்தான் எஸ்பிரெசோ கிரைண்டரில் நாம் பணம் கொடுக்கிறோம்.

இதற்கு எஸ்பிரெசோ ஏன் இவ்வளவு அலட்டுகிறது என்றால், அதன் பெயரிலேயே பதில் இருக்கிறது. இத்தாலியனில் பிழிந்தெடுத்தது என்று பொருள். தூரினில் ஆஞ்செலோ மொரியோந்தோ 1884-இலும் மிலானில் லூயிஜி பெத்செரா 1901-இலும் காப்புரிமை பெற்ற இயந்திரங்கள் நீராவியின் அழுத்தத்தை நம்பியவை. அது சுமார் 2 பார்கூட (பார் என்பது அழுத்தத்தின் அலகு) இருக்காது. 1940-களின் கடைசியில் அகில்லே காஜாவின் நெம்புகோல் இயந்திரம் வந்த பிறகுதான் அழுத்தம் 8, 9 பாருக்கு ஏறியது, மேலே பொன்னிற நுரையும் வந்தது. அழுத்தம் ஏறியதும் பொடியின் வேலையும் ஏறிவிட்டது. அவ்வளவு வேகத்தோடு வரும் நீரைத் தடுத்து நிறுத்த அங்கே பொடியைத் தவிர வேறு எதுவும் இல்லை.

வழக்கமான கணக்கு இது: 18 கிராம் பொடி, 25 முதல் 30 விநாடி, கோப்பையில் சுமார் 36 கிராம். பொடி கொஞ்சம் பருமனானால் நீர் பத்துப் பதினைந்து விநாடியில் ஓடிவிடும். புளிக்கும், சாரமும் இருக்காது. கொஞ்சம் நைசானால் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, கசக்கும். இந்தக் 'கொஞ்சம்' என்பது மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. அதனால்தான் இடைவெளியை மாற்றும் திருகு படிபடியாக நகர்வதைவிடப் படியில்லாமல் நகர்வதை விரும்புகிறார்கள். இரண்டு படிக்கு நடுவில்தான் நமக்கு வேண்டிய இடம் இருக்கிறதென்றால், படி வைத்த திரிகையில் அங்கே போக வழி கிடையாது. படிகள் நெருக்கமாக இருந்தால் அதுவும் போதும்தான். 'எத்தனை படி' என்று பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணில் மயங்க வேண்டாம். எஸ்பிரெசோ எல்லைக்குள் எத்தனை படி விழுகிறது என்று கேளுங்கள். நாற்பது படியில் முக்கால்வாசி பருமனான பொடிக்கே போய்விடும் கிரைண்டர்களும் உண்டு.

இந்தச் சரிசெய்தலுக்குத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதில்லை: பதம் பார்ப்பது. அரைவைப் பதம், நடுப் பதம், எஸ்பிரெசோ பதம் என்று எல்லாம் இயல்பாக வரும். புது விதைப் பை பிரித்தால் பதம் பார்க்க வேண்டும், அதே பை பழசானாலும் பார்க்க வேண்டும். நைசாக மாற்றும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருக்கட்டும். நின்றிருக்கும்போது இறுக்கினால் நடுவில் சிக்கிய துணுக்குகள் இடிபட்டு, அளவு தவறும்.

'ஒரே அளவுப் பொடி' என்ற விளம்பர வாக்கியத்தைப் பாதிதான் நம்பலாம். வறுத்த காபி விதை நொறுங்கும் குணம் உள்ளது. எவ்வளவு நல்ல திரிகையிலும் கொஞ்சம் நுண்பொடி உண்டாகியே தீரும். எஸ்பிரெசோவுக்கு அது கொஞ்சம் வேண்டும்கூட, துணுக்குகளின் இடைவெளியை அடைத்து நீரைத் தாங்குவது அதுதான். தட்டைத் திரிகையில் சுவைகள் பிரிந்து தெரியும், கூம்பில் காபி கெட்டியாக இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வடிவத்தைவிடப் பற்களின் அமைப்பும், இரண்டு பர் தகடும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்பதும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன என்பது என் கட்சி. கோணலாக நிற்கும் பெரிய தட்டைத் திரிகையைவிட நேராக நிற்கும் சின்னக் கூம்பு மேல்.

அளவு, மோட்டார் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். வீட்டுக் கூம்புகள் பெரும்பாலும் 40 மில்லிமீட்டர் பக்கம், தட்டைகள் 54 முதல் 64. பெரியது சீக்கிரம் திரிக்கும். பல்சக்கரம் வைத்து மெதுவாகச் சுற்றும் மோட்டார் நிமிடத்துக்குச் சில நூறு சுற்றில் ஓடும்; நேரடியாக இணைத்தது ஆயிரத்தைத் தாண்டும். இளவறுப்பு விதை கடினமானது, அங்கே சுற்றைவிட முறுக்குவிசைதான் முக்கியம். வலுவில்லாத மோட்டார் எஸ்பிரெசோ பதத்தில் இளவறுப்பைப் போட்டால் முக்கி நின்றுவிடும்.

பலர் கேட்க மறப்பது, உள்ளே எவ்வளவு பொடி தங்கிவிடுகிறது என்பது. 18 கிராம் விதை போட்டு 16 கிராம் பொடி வந்தால், மீதி இரண்டு கிராம் நாளைய காபியில் பழைய பொடியாக வரும். விதையை மேல்தொட்டியில் நிரப்பி வைக்கும் கிரைண்டர்களில் இது சகஜம். காலையில் முதல் சில கிராமைத் தள்ளிவிடுவார்கள். ஒருவேளைக்கு மட்டும் எடை போட்டு இடும் வகைகள் இதைக் குறைக்கவே வந்தன. ஒரு நாளில் இரண்டு மூன்று காபிதான் என்றால் எனக்கு இந்த வகைதான் சரியாகப் படுகிறது. பொடி ஒட்டிக்கொள்ளக் காரணம் உராய்வில் பிறக்கும் மின்னூட்டம். அரைக்கும் முன் விதையில் ஒரு சொட்டு நீர் தெளித்துக் கிளறுவது காபிக்காரர்களின் பழைய வழக்கம். எரிமலைச் சாம்பலின் மின்னூட்டத்தை ஆராய்பவர்கள் அமெரிக்காவின் ஒரேகன் பல்கலைக்கழக வேதியியலாளர்களோடு சேர்ந்து 2023-இல் வெளியிட்ட ஆய்வு, அந்தச் சொட்டு நீர் உண்மையிலேயே வேலை செய்கிறது என்று காட்டியது. எரிமலையும் எஸ்பிரெசோவும் ஒரே கட்டுரையில் சந்தித்த இடம் வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை.

தகடு எஃகா, பீங்கானா என்ற கேள்விக்கு நான் எஃகு பக்கம். பீங்கான் நெடுநாள் மழுங்காது, ஆனால் விதையோடு ஒரு சின்னக் கல் வந்தால் பல் தெறித்துவிடும். எஃகு காலப்போக்கில் மழுங்கும். மழுங்கினால் நுண்பொடி கூடும், அரைக்கும் நேரமும் கூடும், நேற்றுவரை சரியாக இருந்த பதத்தை இன்னும் இன்னும் இறுக்க வேண்டியிருக்கும். கல் திரிகை மழுங்கினால் உளியால் கொத்திவிடுவார்கள். எஃகுத் தகட்டை வீட்டில் கொத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். நமக்கு அது திரிகை என்றாலும் கடையில் 'பர் கிரைண்டர்' என்றே கேளுங்கள், புரியும். அப்புறம் அந்த பர் மட்டும் தனியாகக் கிடைக்குமா, அதைக் கழற்றி மாட்ட எத்தனை திருகு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.