கோழிக்குக் காவலா, குட்டிக் கழுதை?

கோழிக்குக் காவல் என்று 'மினி' கழுதை வாங்கி விடுகிறார்கள். அதில் இந்த மாதமும் ஒன்று செத்தது. புதுச்சேரியில் பாகூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் நாட்டுக்கோழிக்குக் காவல் என்று வாங்கிவிட்ட குட்டிக் கழுதை, ராத்திரியில் டிரம் மூடியைத் தள்ளிவிட்டுக் குஞ்சுத் தீவனத்தை வயிறு முட்டத் தின்றிருக்கிறது. கால்நடை மருத்துவரான நான் போனபோது உடம்பெல்லாம் வியர்த்து, பின்னங்கால் பின்ன, சுவரில் சாய்ந்து நின்றது. மறுநாள் செத்துப்போனது. "கோழித் தீவனம்தானே டாக்டர், அது என்ன விஷமா?" என்றார் வீட்டுக்காரர்.

ஆமாம், கழுதைக்கு விஷம்தான். குஞ்சுக்கும் கறிக்கோழிக்குமான தீவனத்தில், ரத்தக்கழிச்சல் வராமலிருக்க மோனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகளைக் கலப்பார்கள். கோழி தாங்கும். கழுதையும் சேர்ந்த குதிரை இனம் தாங்காது. உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் மோனென்சினே குதிரையைக் கொல்லப் போதும். இதயத் தசை கெட்டுவிடும், மாற்று மருந்தும் கிடையாது. மூட்டைச் சீட்டில் மருந்தின் பெயர் இல்லையென்றாலும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தின்றுவிட்டால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே கூப்பிடுங்கள், சீட்டையும் எடுத்து வையுங்கள்.

சரி, இந்தக் காவல் கதை எங்கிருந்து வந்தது? வீடியோவிலிருந்து. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கழுதையைக் காவலுக்கு விடுவது உண்மைதான். ஆனால் அங்கே அது நிற்பது ஆட்டு மந்தையில். அதுவும் நன்றாக வளர்ந்த பெரிய கழுதை, பெட்டையோ காயடித்த ஆணோ. எதிரி நாய், நரி, ஆஸ்திரேலியக் காட்டுநாயான டிங்கோ. நாய் இனத்தைக் கண்டாலே கழுதைக்கு ஆகாது. காதை மடக்கிக்கொண்டு கத்தும், துரத்தும், முன்னங்காலால் மிதிக்கும். தன் இடத்துக்குள் நாய் வந்த கோபம் அது. கூடவே மேயும் ஆட்டுக்கு அதனால் பாதுகாப்பு. இதில் கோழி எங்கே வந்தது?

நம் ஊரில் கோழி பிடிப்பது யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பகலில் கீரி, வல்லூறு, பருந்து. குஞ்சென்றால் காக்காயும் சேர்த்தி. ராத்திரியில் மரநாய் (பெயரில்தான் நாய்), காட்டுப்பூனை, பெருச்சாளி, பாம்பு. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பை ஒட்டி வீடு இருந்தால் சொல்லவே வேண்டாம். இவற்றில் ஒன்றுகூட நாய் இனமில்லை. கீரி கழுதையின் காலுக்கு நடுவில் புகுந்து கோழியைக் கவ்விக்கொண்டு போகும், கழுதை வைக்கோலை மென்றபடி நிற்கும். கோழி அதற்குச் சொந்தமும் இல்லை, மந்தையும் இல்லை. சில சமயம் அதன் குளம்பிலேயே குஞ்சு நசுங்கும். "கழுதைதான் இருக்கே டாக்டர், அப்புறம் எப்படிக் கீரி வந்துச்சு?" என்று இனியாவது கேட்காதீர்கள்.

மிச்சமிருப்பது தெருநாய். ஒன்றிரண்டு வந்தால் பெரிய கழுதை விரட்டலாம். கூட்டமாக வந்தால் குட்டிக் கழுதைதான் முதல் இரை. தொடை கிழிந்து வந்தவற்றுக்குத் தையல் போட்டுப் போட்டு எனக்கு அலுத்துவிட்டது. நாய் கடித்தால் மஞ்சளைப் பூசாதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசிக்குச் சொல்லுங்கள்.

'மினி' என்று விற்கிறார்களே, அது வேறு ஏமாற்று. மினியேச்சர் என்பது சிசிலி, சார்டீனியா தீவுகளின் கழுதைகளிலிருந்து வந்த வகை. வளர்ந்த பிறகும் தோள் உயரம் 36 அங்குலத்தைத் தாண்டாது. மினி என்று சொல்லி வாங்கி என்னிடம் கூட்டிவருவதோ பெரும்பாலும் நம் நாட்டுக் கழுதையின் பால்குடி மறக்காத குட்டி. வாயைத் திறந்து பாருங்கள். முன்பல் சின்னதாய், வெள்ளை வெளேரென்று, ஈறுக்குப் பக்கத்தில் குறுகி இருந்தால் அது பால்பல். நடுப்பல் விழுந்து முளைக்கவே இரண்டரை வயதாகும். 2012-இல் நாட்டில் 3.2 லட்சமாக இருந்த கழுதைகள், 2019 கணக்கெடுப்பில் 1.2 லட்சமாகிவிட்டன. இருக்கிற குட்டியையும் தாயிடமிருந்து பிரித்துக் கோழிக்கூண்டில் கட்ட வேண்டுமா? யோகத்துக்குத்தான் கழுதை என்றால், கடைகளில் மாட்டும் 'என்னைப் பார் யோகம் வரும்' படமே போதும். அதற்குக் குளம்பும் வெட்ட வேண்டாம்.

கோழியைக் காப்பது கூண்டுதான். அரை அங்குல ஓட்டையுள்ள வெல்டு மெஷ் அடியுங்கள். சாதாரணக் கோழிவலையை மரநாய் கிழித்துவிடும். கம்பியை ஓரடி ஆழம் மண்ணுக்குள் இறக்குங்கள், மேலேயும் மூடுங்கள். பொழுது சாயும்முன் அடையுங்கள். பஞ்சாரம்தான் இருக்கிறதா, வீட்டுக்குள் வைத்து மேலே கல்லை ஏற்றுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: ஒற்றைக் கழுதை ஏங்கிப்போகும், தீனியைக்கூட விட்டுவிடும், துணைக்கு இன்னொரு கழுதை வேண்டும். தீவன அறையைப் பூட்டுங்கள். மருந்தே கலக்காத கம்பு, மக்காச்சோளம்கூட அளவுக்கு மீறினால் குளம்பு வெந்து நடக்க முடியாமல் போகும். டெட்டனஸ் ஊசி கட்டாயம். குளம்பை இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது சீவ வேண்டும். மழைக்காலத்தில் மேடான, கூரையுள்ள, காய்ந்த தரை வேண்டும். கழுதையின் மயிரில் மழைநீர் வழிந்தோடாது, தோல்வரை நனைந்துவிடும். 2024 ஃபெஞ்சல் புயல் மாதிரி தண்ணீர் தேங்கினால் குளம்பு அழுகும்.

வளர்க்க முடியவில்லை என்றால் தயவுசெய்து ஈசிஆர் ரோட்டில் விட்டுவிடாதீர்கள். முப்பது வருடம் வாழக்கூடிய உயிர் அது. பக்கத்திலுள்ள கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள், கழுதை வளர்க்கத் தெரிந்தவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியும்.