ஓடுகிறவர் நெஞ்சில் பேஸ்மேக்கர்: முதல் சில வாரங்களில் உள்ளே என்ன நடக்கிறது?

இதயத்தை மின்துடிப்பால் ஒழுங்காகத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் கருவியை வைத்துக்கொண்டு வீடு திரும்பும் ஓட்டக்காரருக்கு முதல் எதிரி டி-ஷர்ட். தலைவழியாக மாட்டும்போது முழங்கை தன்னை அறியாமல் தோளுக்கு மேலே போய்விடும். செய்யவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொன்ன அதே அசைவு. ஆகவே ஒரு மாதம், ஒன்றரை மாதம் வரைக்கும் முன்னால் பட்டன் வைத்த சட்டைதான், அதிலும் ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையை முதலில் நுழைத்துவிட்டு மற்ற கையை அப்புறம். 42 கிலோமீட்டர் ஓடியவனுக்குச் சட்டை போடச் சொல்லித்தருகிறார்களே என்று எரிச்சல் வரும், நியாயம்தான்.

ஆனால் உள்ளே இருக்கும் பிடிமானத்தைப் பாருங்கள். 20, 30 கிராம் எடையுள்ள கருவியைக் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கும் மார்புத் தசைக்கும் நடுவில் ஒரு சின்னப் பை மாதிரி இடம் செய்து வைக்கிறார்கள். வலதுகைக்காரருக்குப் பெரும்பாலும் இடப்பக்கம். அங்கிருந்து ஒன்றோ இரண்டோ ஒயர்கள் (லீட் என்பார்கள்) சிரை வழியாக இறங்கி இதயத்தின் வலது மேலறைக்கும் வலது கீழறைக்கும் போகும். லீட்டின் நுனியில் பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் அளவில் ஒரு குட்டித் திருகு, அதை இதயத் தசைக்குள் திருகிவிடுவார்கள். முதல் நாளில் பிடிமானம் அவ்வளவுதான். அதைச் சுற்றி உடம்பு தழும்புத் திசுவை வளர்த்து இறுக்கிக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். சுவரில் வைத்த கொக்கியைச் சுற்றி சிமெண்ட் காய்வதற்குள் யாராவது அதில் தொங்கினால் என்ன ஆகும்? அதேதான். லீட் நகர்ந்துவிட்டால் கருவி பாட்டுக்கு மின்துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும், இதயம் அதைக் கேட்காது. பழைய தலைசுற்றல் திரும்பும், மறுபடி ஆபரேஷன் தியேட்டர்.

அதற்காகக் கையை உடம்போடு கட்டிப்போட்டுக்கொண்டு உட்காருவதும் தப்பு. பயந்துபோய் அப்படிச் செய்கிறவர்கள் நிறையப் பேர், ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் தோள்மூட்டு இறுகிப்போய் அது தனி வைத்தியமாகிவிடும். விரல், மணிக்கட்டு, முழங்கை எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஆட்டலாம், தோளையும் தோள் உயரத்துக்குக் கீழே மெதுவாக அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர்க் குடம், ஜிம் பை, குழந்தை எதையும் அந்தக் கையில் தூக்க வேண்டாம். நடப்பதற்கு அநேகமாக மறுநாளே தடை இல்லை. ஓட்டத்துக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் என்பது பரவலான வழக்கம். நீச்சல், ஷட்டில் ஸ்மாஷ், பந்துவீச்சு, புல்-அப் போன்ற தோள் வேலைகளுக்கு அதைவிடவும் கூடுதலாகக் காத்திருக்கச் சொல்வார்கள். உங்கள் டாக்டர் சொல்லும் கணக்குதான் உங்களுக்குக் கணக்கு, ஏனென்றால் அந்தத் திருகு எவ்வளவு உறுதியாக உட்கார்ந்தது என்று பார்த்தவர் அவர்தான்.

இதே வாரங்களில் வெளியே தெரியாத இன்னொரு வேலையும் நடக்கிறது. திருகு குத்திய இடம் வீங்குவதால், இதயத்தைத் துடிக்கவைக்கத் தேவைப்படும் மின்சாரத்தின் அளவு முதலில் ஏறி, பிறகு இறங்கி நிலைபெறும். வீக்கத்தைக் குறைக்க லீட்டின் நுனியிலேயே கொஞ்சம் ஸ்டீராய்டு மருந்து வைத்து அனுப்புகிறார்கள், அது மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று ஆரம்பத்தில் மின்னழுத்தத்தை 3.5 வோல்ட் போலத் தாராளமாக வைத்துவிட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்து வரும் செக்கப்பில் குறைப்பார்கள். அந்தச் செக்கப்பைத் தள்ளிப்போட்டால் பேட்டரி வீணாகக் கரையும்.

சரி, நன்றாக ஓடுகிறவருக்கு எதற்கு பேஸ்மேக்கர்? பயிற்சி பெற்றவர்களுக்கு ஓய்வில் நாடி 40க்குப் பக்கத்தில் இருப்பது சாதாரணம், அது மட்டும் நோயாகாது. மயக்கம் வந்தாலோ, மேலறையின் மின்செய்தி கீழறைக்குப் போகாமல் தடைபட்டாலோதான் கருவி. ஆனால் வருஷக்கணக்கான கடும் பயிற்சிக்கும் இதயத்தின் மின்கோளாறுகளுக்கும் ஏதோ தொடர்பு இருப்பதாகத்தான் தெரிகிறது. சுவீடனில் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டமான வாசலோப்பெட்டில் கலந்துகொண்ட 52,755 பேரைப் பின்தொடர்ந்து 2013இல் வெளியான ஆய்வில், அதிகத் தடவை ஓடியவர்களுக்கும் வேகமாக முடித்தவர்களுக்கும் துடிப்புக் கோளாறு கூடுதலாக இருந்தது. அதனால் ஓடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஓடியவருக்கு எப்படி இது வந்தது என்று வாய் பிளக்கவும் வேண்டாம்.

உடம்புக்குள் வைத்த முதல் பேஸ்மேக்கரும் அதே சுவீடனில்தான், 1958 அக்டோபர் 8, ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனை. பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து வார்த்த கருவியை அறுவை மருத்துவர் ஓகே சென்னிங் ஆர்னே லார்சன் என்பவருக்குப் பொருத்தினார். சில மணிநேரத்தில் அது நின்றுபோக, கைவசம் இருந்த இன்னொன்றை வைத்தார்கள். லார்சன் தன் வாழ்நாளில் மொத்தம் 26 கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை, 86 வயதுவரை வாழ்ந்தார். அந்தக் காலத்துக் கருவிக்கு ஒரே வேகம்தான். நடந்தாலும் படுத்தாலும் அதே துடிப்பு. இன்றைய கருவிக்கு வேகத்தை மாற்றத் தெரியும், ஆனால் எதுவரைக்கும் என்பதை யாராவது அதற்குச் சொல்லியிருக்க வேண்டும். விளையாட்டுக்காரர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான், தையல் ஆறுவதைவிட இதுதான் அதிக நாள் இழுக்கும்.

மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே தொடர்பு அறுந்தவரை எடுத்துக்கொள்வோம். மேலறை ஒழுங்காக வேகம் கூட்டும், பேஸ்மேக்கர் தபால்காரர் மாதிரி அந்தச் செய்தியை வாங்கிக் கீழறைக்குக் கொடுக்கும். ஆனால் நிமிடத்துக்கு இத்தனை தபால்தான் என்று ஒரு உச்சவரம்பு வைத்திருப்பார்கள், பல கருவிகளில் அது 120 அல்லது 130ஆக வருகிறது. வீட்டுக்குள் நடமாடும் எழுபது வயதுக்காரருக்கு அது போதும். 165 துடிப்பில் ஓடுகிற நாற்பது வயதுக்காரருக்கு? மேலறை 140 அடிக்கும், கருவி இடையிடையே ஒரு துடிப்பை விட்டுவிடும், ஓடுகிறவருக்குக் கால் கனக்கும், காரணம் புரியாது.

வரம்பை 170க்கு ஏற்றினால் தீர்ந்ததா என்றால் அங்கேதான் இன்னொரு சிக்கல். மேலறை துடித்ததும் கருவி 150 மில்லிவினாடி காத்திருந்து கீழறையைத் தட்டுகிறது என்று வையுங்கள். தட்டிய பிறகு 250 மில்லிவினாடிக்கு மேலறைப் பக்கம் காதைப் பொத்திக்கொள்ளும், கீழறையிலிருந்து மேல்நோக்கித் திரும்பிவரும் மின்னலையைப் புதிய துடிப்பு என்று நம்பி ஏமாறாமல் இருக்க. ஆக மொத்தம் 400 மில்லிவினாடி செவிடு. ஒரு நிமிடத்தில் 60,000 மில்லிவினாடி, அதை 400ஆல் வகுத்தால் 150. மேலறை 150ஐத் தாண்டிய கணத்தில் ஒன்றுவிட்டு ஒரு துடிப்பு அந்தச் செவிட்டு நேரத்துக்குள் விழும், கருவிக்கு அது கேட்கவே கேட்காது. மேலறை 152, கீழறை 76. மேட்டில் ஏறிக்கொண்டிருப்பவருக்குப் பாதி ரத்தம் பிடுங்கப்பட்ட மாதிரி, கண் இருட்டி, ஓரமாக உட்கார வேண்டியதுதான். இரண்டு நிமிடம் நின்றால் வேகம் 150க்குக் கீழே இறங்கி எல்லாம் சட்டென்று சரியாகிவிடும், அதனாலேயே கிளினிக்கில் இதைச் சொன்னால் ‘பதற்றமாக இருக்கும், தண்ணீர் குறைவாகக் குடித்திருப்பீர்கள்’ என்று அனுப்பிவிடுகிற அபாயமும் உண்டு. வேகம் கூடும்போது காத்திருக்கும் நேரத்தையும் காதைப் பொத்தும் நேரத்தையும் தானாகச் சுருக்கிக்கொள்ளும் வசதி இப்போதைய கருவிகளில் இருக்கிறது. அதை உங்களுக்கு ஏற்ற மாதிரி வைக்க வேண்டும், வைத்துவிட்டு டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

மேலறையே வேகம் கூட்ட மறுக்கிறவர்களுக்குப் பிரச்சினை வேறு. அவர்களுக்குக் கருவியில் இருக்கும் சென்சார்தான் வேகத்தை முடிவு செய்யும். பரவலாக இருப்பது உடம்பின் அசைவைப் பார்க்கும் சென்சார், ஓடுகிறவருக்கு அது நன்றாகவே ஒத்துப்போகும். சைக்கிள்காரருக்குத்தான் தொல்லை. நல்ல சாலையில் தொடை எரிய மிதித்துக்கொண்டிருந்தாலும் மார்பு ஆடாமல் இருப்பதால், இவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று கருவி நினைத்துக்கொள்ளும். குண்டும் குழியுமான ரோட்டில் பஸ்ஸில் போனால் மட்டும் சுறுசுறுப்பாகிவிடும்! பழைய அதிர்வு சென்சார்களில் மாடிப்படி ஏறுவதைவிட இறங்கும்போது துடிப்பு கூடிய கதையெல்லாம் உண்டு. மூச்சின் அளவைப் பார்த்து வேகம் கூட்டும் சென்சார் சைக்கிளுக்குப் பொருத்தம். ஆனால் எது வேண்டும் என்பதைக் கருவி வைப்பதற்கு முன்பே பேசினால்தான் உண்டு, ஆகவே நீங்கள் என்ன விளையாட்டு விளையாடுகிறீர்கள் என்பதை அப்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. பளு தூக்குதல், துடுப்பு போடுதல் மாதிரி தோள் ஓயாமல் உழைக்கும் விளையாட்டுகளில், காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே லீட் நசுங்கி வருஷக்கணக்கில் தேய்ந்து உடையலாம். கருவிமேல் நேராக அடி விழும் குத்துச்சண்டை, கபடி வகையறாவை, முக்கியமாக ஒவ்வொரு துடிப்புக்கும் கருவியையே நம்பியிருப்பவர்கள், விட்டுவிடுவது நல்லது. டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சனே நெஞ்சில் கருவியோடு கால்பந்து ஆடுகிறாரே என்பார்கள். 2021இல் மைதானத்தில் சுருண்டு விழுந்த பிறகு அவருக்கு வைத்தது ஐசிடி, ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்து நிறுத்தும் கருவி, அதன் கணக்கு வேறு. காந்தம் உள்ள போனைச் சட்டைப்பையில் போட வேண்டாம், 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். தையல் போட்ட இடம் சிவந்து சூடானாலோ, நீர் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, நிற்காத விக்கல் போல வயிற்றுப் பக்கம் துடித்தாலோ, மயக்கம் திரும்பினாலோ, அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

செக்கப்புக்குப் போகும்போது வாட்சில் பதிவான ஓட்டத்தையும் கொண்டுபோங்கள். கருவியும் எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் துடித்தது என்று தனக்குள் கணக்கு வைத்திருக்கும். நாற்காலியில் உட்காரவைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும், ‘செவ்வாய்க்கிழமை காலை 6.20க்கு மேட்டில் 152இலிருந்து 76க்கு விழுந்தது’ என்று நேரத்தோடு காட்டினால் டெக்னீசியன் எந்த எண்ணை மாற்றுவது என்று தேட ஆரம்பிப்பார்.