முதலைப் படமும் எட்டு வரிசைப் புள்ளிகளும்

வெள்ளத் தெருவில் முதலை நிற்பதாக வாட்ஸ்அப்பில் வந்த படம் பழையதா, புதியதா என்பதை இணையத் தேடுபொறி எவ்வாறு கண்டுபிடிக்கிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேமரா பதிந்துவைக்கும் தேதி, இடம் முதலிய குறிப்புகளை, படத்தைச் சுருக்கி அனுப்பும்போதே வாட்ஸ்அப் நீக்கிவிடுகிறது. கையில் மிஞ்சுவது வெளிச்சமும் நிழலுமே.

அவற்றைக் கொண்டு படத்தை அடையாளம் காணும் மிக எளிய முறை, அதை வண்ணம் நீக்கி, வரிசைக்கு எட்டாக எட்டு வரிசை, மொத்தம் 64 கட்டங்களாகச் சுருக்குவதுதான். சராசரி வெளிச்சத்தைவிடப் பளிச்சென்றிருக்கும் கட்டத்துக்கு 1, மங்கலான கட்டத்துக்கு 0. 1 விழுந்த இடங்களில் மட்டும் புள்ளி வைத்துப் பாருங்கள்; கோலத்துக்குப் புள்ளி வைக்கத் தொடங்கியவர் பாதியில் எழுந்துபோனது போலிருக்கும். படம் நூறு கை மாறித் தரம் குறைந்தாலும், ஓரத்தில் எவரோ தம் பெயரைப் பொறித்திருந்தாலும், புள்ளிகள் பெரும்பாலும் அதே இடங்களில்தான் விழும். ஏனெனில் தேய்ந்துபோவது முதலையின் செதில் போன்ற நுணுக்கங்களே தவிர, மேலே வெளுத்த வானம், கீழே இருண்ட தண்ணீர் என்னும் பெரும் பகுப்பு அன்று. இரு படங்களின் புள்ளிகள் நான்கைந்து இடங்களில் மட்டும் வேறுபட்டால் அநேகமாக ஒரே படம். தொடர்பற்ற படங்கள் ஏறத்தாழப் பாதி இடங்களில் வேறுபடும். இப்படி வேறுபடும் இடங்களின் எண்ணிக்கைக்கு ஹாமிங் தொலைவு என்று பெயர். அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்டு ஹாமிங் 1950-இல், கணினித் தரவில் நேரும் பிழைகளைக் கண்டறிந்து திருத்தும் குறியீடுகளுக்காக வகுத்த அளவு, இன்று புரளி பிடிக்கவும் உதவுவது எனக்குத் தீராத வியப்பு. படத்தை இடவலமாகத் திருப்பினால் இந்த எளிய முறை ஏமாந்துவிடும். ஆகவே பெரிய தேடுபொறிகள் இதைவிட நுட்பமான முறைகளைக் கையாளுகின்றன.

எம்முறையாயினும், தேடுபொறியின் சேமிப்பில் இல்லாத படத்துடன் ஒப்பிட இயலாது. நம் பத்திரிகைகளின் பழைய நிழற்படங்களை எண்மமாக்கப் பொதுப்பணம் செலவிடுவது வீண் என்று நான் கருதவில்லை.

வெள்ளத்துக்கு முன்பே வெளியான அதே படம் கிடைத்தால், அது பழையது என்பது உறுதி. கிடைக்காவிட்டால் எதுவும் உறுதியில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில், சென்னை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாகப் பரவிய வதந்தியைப் பண்ணை நிர்வாகம் மறுத்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையில் பெருங்களத்தூர்ச் சாலையை முதலை கடக்கும் காணொளி வந்தபோது, அந்த நினைவில் நானும் குடும்பக் குழுவில் "பழைய புரளி" என்று தேடிப் பாராமலேயே எழுதிவிட்டேன். சென்னையின் நீர்நிலைகள் சிலவற்றில் முதலைகள் இருப்பதாகவும், காணொளி உண்மையானதே என்றும் வனத்துறைச் செயலர் சுப்ரியா சாகு அறிவித்த பிறகு, அதை அழிக்க வேண்டியதாயிற்று.