போனில் உள்ள ஆவணம் எங்கே செல்லும், எங்கே செல்லாது?

பிறப்புச் சான்றிதழைப் படம் பிடித்து பிடிஎஃப் கோப்பாகப் போனில் வைத்திருக்கிறீர்கள். அதற்குச் சட்டத்தில் மதிப்பு உண்டா? உண்டு. அதை மட்டும் காட்டினால் எல்லா ஓபிஸிலும் காரியம் முடியுமா? முடியாது. இந்த இரண்டு பதிலுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் தெரியாமல்தான் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் அரச திணைக்களங்கள் உள்ள பத்தரமுல்லை வரை போய், "ஒரிஜினல் எங்கே?" என்ற கேள்வியோடு திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் லீவும் பஸ் காசும் போனதுதான் மிச்சம்.

முதலில் இலங்கைச் சட்டத்தைப் பார்ப்போம். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் 2007 ஒக்டோபர் 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. 2017 இல் 25 ஆம் இலக்கச் சட்டத்தால் அது திருத்தப்பட்டது. 3 ஆம் பிரிவு சொல்வது இதுதான்: ஓர் ஆவணமோ பதிவோ தகவலோ மின்வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதற்குச் சட்ட வலு இல்லை என்று தள்ளிவிட முடியாது. வேறொரு சட்டம் "எழுத்தில் இருக்க வேண்டும்" என்று கேட்டாலும், பிறகு திறந்து பார்க்கக்கூடிய விதத்தில் கோப்பு இருந்தால் அந்தத் தேவை நிறைவேறியதாகவே கொள்ளப்படும்.

"ஒரே காரணத்துக்காக" என்ற இடத்தைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். படம் மங்கலாக இருக்கிறது, உறுதிப்படுத்திய பிரதி கேட்டிருக்கிறோம், இந்த விண்ணப்பத்துக்கு மூலப் பத்திரத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று வேறு காரணம் சொல்லி அதிகாரி மறுத்தால், 3 ஆம் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்காது. அரச நிறுவனங்கள் படிவங்களையும் கட்டணங்களையும் மின்வடிவில் பெறவும், அனுமதிப்பத்திரங்களை மின்வடிவில் வழங்கவும் இந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் எதை, எந்த வடிவில், எந்த முறையில் ஏற்பது என்பதை அந்தந்த நிறுவனமே வகுக்கிறது. அதனால்தான் ஓரிடத்தில் நடப்பது இன்னோரிடத்தில் நடப்பதில்லை.

அப்புறம், என் பார்வையில் மிக முக்கியமான விஷயம்: உங்கள் போனில் இரண்டு விதமான கோப்புகள் இருக்கின்றன. ஒன்று, பிறந்ததே மின்வடிவில் பிறந்த கோப்பு. வங்கி ஈமெயிலில் அனுப்பிய கணக்குக் கூற்று, கம்பனி அனுப்பிய நியமனக் கடிதம், இணையத்தில் கட்டிய பணத்துக்கு வந்த பற்றுச்சீட்டு எல்லாம் இந்த வகை. இவற்றுக்கு வேறு ஒரிஜினல் கிடையாது, கோப்புதான் ஒரிஜினல். முதன்முதலில் முழு வடிவில் உருவானதிலிருந்து தகவல் மாறாமல் இருக்கிறது என்பதற்கு நம்பகமான உறுதி இருந்தால், மின்வடிவத்தை மூலமாகவே ஏற்கலாம் என்று சட்டமும் சொல்கிறது. ஆகவே வங்கி அனுப்பிய கோப்பை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, வெட்டி, ஒட்டி அனுப்பாதீர்கள். வந்த கோப்பை வந்தபடியே அனுப்புங்கள். எந்த ஈமெயிலில் வந்ததோ அதையும் அழிக்காமல் வையுங்கள்.

மற்றது, கடதாசியைப் படம் பிடித்த கோப்பு. பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் எல்லாம் பெரும்பாலும் நம் போனில் இப்படித்தான் இருக்கின்றன. இது அந்தப் பத்திரத்தின் படம் மட்டுமே. ஒன்லைன் விண்ணப்பத்தில் ஏற்றவும், விவரம் பார்க்கவும், முன்கூட்டியே ஒருவருக்குக் காட்டவும் இது தாராளமாகப் போதும். ஆனால் சமாதான நீதவான் முத்திரை குத்திக் கையெழுத்திட்ட உண்மைப் பிரதியை நீங்கள் ஸ்கான் செய்தால், கையில் இருப்பது உண்மைப் பிரதியின் படம்தான், உண்மைப் பிரதி அல்ல. வெளிநாட்டுக்கு அனுப்பும் பத்திரங்களை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தப் போகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்களின் பிரதிக்குப் பதிவாளர் நாயகம் திணைக்களத்திடமும், பரீட்சைச் சான்றிதழுக்குப் பரீட்சைத் திணைக்களத்திடமும் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பழைய சான்றிதழ் மடிந்து கிழிந்திருந்தால், அதைப் பலவிதமாகப் படம் பிடித்துப் பார்ப்பதைவிடப் புதுப் பிரதி எடுத்துவிடுவது நல்லது.

மின்வடிவில் செல்லவே செல்லாத ஆவணங்களும் உண்டு. அதே சட்டத்தின் 23 ஆம் பிரிவு சிலவற்றை வெளியே நிறுத்துகிறது. மரண சாசனம், அற்றோர்ணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்), காணி வீடு போன்ற அசையாச் சொத்தை விற்கவோ கைமாற்றவோ செய்யும் ஒப்பந்தம் ஆகியவை அதில் அடங்கும். காணி உறுதி என்றால் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகளோடு கையெழுத்திட வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த உறுதியின் படத்தைப் பார்த்து யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்த பிறகுதான் பணப் பேச்சு. உங்கள் சொந்த உறுதியைப் படம் பிடித்து வைப்பதில் தவறில்லை. தொலைந்தால் உறுதி இலக்கம், நொத்தாரிசு பெயர், திகதி எல்லாம் அதிலிருந்து கிடைக்கும்.

படம் பிடிப்பதும் பெயர் வைப்பதும்

சாதாரணமாகப் போட்டோ எடுத்து அனுப்புவதை விட, ஸ்கான் செய்யும் வசதியைப் பயன்படுத்துங்கள். இதற்கெனப் புதிதாக எதையும் இறக்கத் தேவையில்லை. அண்ட்ரொயிட் போன் என்றால் கூகுள் டிரைவ் செயலியிலேயே கமரா அடையாளத்தோடு ஸ்கான் இருக்கிறது. ஐபோன் என்றால் நோட்ஸ் செயலியிலும் ஃபைல்ஸ் செயலியிலும் இருக்கிறது. ஓரத்தைத் தானே கண்டுபிடித்து வெட்டி, பல பக்கங்களை ஒரே பிடிஎஃப் ஆகச் சேர்த்துத் தரும்.

இங்கே ஒரு விஷயத்தில் பலர் இடறுகிறார்கள். ஸ்கான் செய்ததும் படம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிடுவார்கள். எழுத்து நன்றாகத்தான் தெரியும். ஆனால் ஊதா மையில் குத்திய றப்பர் முத்திரையும் நீல மைக் கையெழுத்தும் மங்கிப்போகும், சில நேரம் காணாமலே போய்விடும். அதிகாரி முதலில் தேடுவது அந்த முத்திரையைத்தான். முத்திரையுள்ள பத்திரம் எதுவானாலும் கலரிலேயே வையுங்கள். கோப்பு பெரிதாகி இணையத்தளம் ஏற்க மறுத்தால் அளவை மட்டும் குறையுங்கள், கலரை எடுக்காதீர்கள். இருண்ட நிற மேசையில், யன்னல் வெளிச்சத்தில், போனைப் பத்திரத்துக்கு நேர் மேலே பிடித்தால் நிழல் விழாது. பின்பக்கத்தில் ஒரு வரி இருந்தாலும் அந்தப் பக்கத்தையும் எடுங்கள். அடையாள அட்டையின் இரு பக்கமும் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கி, யாருடையது, என்ன பத்திரம் என்று எழுதினால், தேடும்போது கோப்புகள் தாமாகவே வரிசையில் நிற்கும். ஒன்லைன் விண்ணப்பத்தில் ஏற்றப்போகும் கோப்புக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வையுங்கள். சில தளங்கள் தமிழ் எழுத்துள்ள பெயரைப் பார்த்ததும் பிழை காட்டுகின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக அனுப்பாமல் டொக்கியுமென்ட் என்பதைத் தெரிவு செய்யுங்கள். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், சின்ன எழுத்தெல்லாம் கரைந்துவிடும்.

பிளே ஸ்டோரில் பிடிஎஃப் வாசிக்க என்று நூற்றுக்கணக்கான செயலிகள் கிடக்கின்றன. கோப்பைத் திறந்து காட்டுவதற்கு உங்கள் தொடர்பிலக்கங்கள் எதற்கு, நீங்கள் நிற்கும் இடம் எதற்கு? அப்படிக் கேட்கும் செயலியை உடனே அழித்துவிடுங்கள். ஃபைல்ஸ் பை கூகுள் செயலியில் பின் இலக்கம் வைத்துப் பூட்டும் கோப்புறை இருக்கிறது, அடையாள அட்டையும் கடவுச்சீட்டும் அதற்குள் இருக்கட்டும். பின் இலக்கத்தை மறந்தால் அதற்குள் இருப்பதைத் திரும்பப் பெறுவது நடக்காது. ஆகவே டிரைவில் இன்னொரு பிரதி வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி ஒரு குடும்பத்தின் பத்திரங்களுக்குத் தாராளம்.

கொமியூனிகேஷன் கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பத்திரங்கள் வெளியே கசியும் சாத்தியம் அங்கேதான் அதிகம். பிரின்ட் எடுக்கக் கடையின் வாட்ஸ்அப் இலக்கத்துக்கு அடையாள அட்டையை அனுப்புகிறோம். பிரின்ட் வந்ததும் நாம் போய்விடுவோம், கோப்பு அந்தக் கம்பியூட்டரின் டவுன்லோட் கோப்புறையிலேயே கிடக்கும். அழிக்கச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. "தம்பி, அந்த ஃபைலை அழிச்சு, குப்பைத்தொட்டியிலயும் எடுத்துவிடுங்கோ" என்று கேட்டால் செய்து கொடுப்பார்கள். நீங்களும் வாட்ஸ்அப்பில் "எல்லோருக்கும் அழி" என்பதை அழுத்துங்கள். வீடு வாடகைக்கும் சிம் வாங்கவும் கொடுக்கும் அடையாள அட்டைப் பிரதியின் குறுக்கே இன்ன தேவைக்கு மட்டும் என்று எழுதித் திகதி போட்டுக் கொடுப்பது நல்ல பழக்கம். போனில் உள்ள கோப்பிலும் எடிட் பகுதியில் விரலாலேயே அப்படி எழுதலாம்.

கோப்பு தமிழில் வர வேண்டும்

மேல் மாகாணத்தில் பொதுவாக நிர்வாக மொழி சிங்களம். ஆனால் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை கொழும்பில் வாழும் தமிழருக்கு மூன்று உரிமைகளைத் தெளிவாகவே தருகிறது. அரச அதிகாரியோடு தமிழில் அல்லது ஆங்கிலத்தில் தொடர்பு கொள்ளலாம், பதிலையும் அதே விதமாகப் பெறலாம். பார்வையிடவோ பிரதி பெறவோ சட்டம் உரிமை தரும் பதிவேட்டின் பிரதியை அல்லது மொழிபெயர்ப்பைத் தமிழில் பெறலாம். உங்களுக்கு வழங்கவென்று அதிகாரி தயாரிக்கும் ஆவணத்தையும் அப்படியே கேட்கலாம். ஒரு திணைக்களம் சிங்களத்தில் மட்டும் பிடிஎஃப் கடிதம் அனுப்பினால், தமிழில் அனுப்புங்கள் என்று பதில் எழுத உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. உடனே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஓடிக் காசு கட்டுவதற்கு முன் இதைக் கேட்டுப் பாருங்கள்.

வர்த்தமானி தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அரச அச்சுத் திணைக்களத்தின் தளத்தில் வர்த்தமானி மும்மொழியிலும் பிடிஎஃப் ஆகக் கிடைக்கிறது. கோப்பின் பெயர் ஈ என்ற ஆங்கில எழுத்தில் முடிந்தால் ஆங்கிலம், எஸ் என்றால் சிங்களம், டீ என்றால் தமிழ்.

தமிழில் வந்தும் வாசிக்க முடியாத கோப்புகளும் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டிய வேர்ட் கோப்பு போனில் திறந்ததும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். "தமிழ்" என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். கோப்பு பழுதாகவில்லை. ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய பழைய எழுத்துரு அது, உங்கள் போனில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். அனுப்பியவரிடம் அதையே பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பச் சொன்னால் சரியாகத் தெரியும், ஏனென்றால் பிடிஎஃப் எழுத்துருவைத் தன்னோடு கொண்டுவரும். ஆனால் நீங்கள் நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டிய படிவம் என்றால், எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் எழுத்துருவிலேயே கேளுங்கள். பாமினியில் செய்த பிடிஎஃப் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் அதற்குள் ஒரு பெயரைத் தேட முடியாது. பார்வையற்றவர்களின் போன் அதை வாசித்துக் காட்டவும் மாட்டாது. அரச ஓபிஸ்கள் இன்னமும் பாமினியில் கோப்பு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. தமிழில் கொடுத்தோம் என்று கணக்குக் காட்டலாம், வாசிக்கிறவருக்குப் பிரயோசனம் இல்லை.

தமிழில் கேட்டும் தரவில்லை, அல்லது கேட்ட தகவலுக்குப் பதிலே இல்லை என்றால் சில வழிகள் இருக்கின்றன. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுத்து மூலக் கோரிக்கையில் மின்னஞ்சலும் அடங்கும். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்துச் சொல்ல வேண்டும். மறுத்தால், அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கென நியமிக்கப்பட்டிருக்கும் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். மொழி உரிமை மறுக்கப்பட்டால், 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம். அடிப்படை உரிமை மீறல் என்று அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் ஒரு மாதம்தான் அவகாசம். எந்த வழியில் போனாலும் திகதிதான் முதலில் பார்க்கப்படும். நீங்கள் அனுப்பிய கடிதம், அவர்கள் அனுப்பிய பதில், இரண்டையும் அனுப்பிய நேரம் தெரியும் ஈமெயிலோடு ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள். எந்த ஓபிஸுக்கு எழுதுவது என்று தெரியாவிட்டால் அரச தகவல் நிலையத்தின் 1919 க்கு அழையுங்கள், தமிழிலும் பேசுவார்கள்.