பேரிங்: இணையாக்கம், பிணைப்பு, தொடர்பு

"கன்ட்ரோலர் பேரிங் ஆகல" என்று எழுதினால், பட்டறைக்காரர் கண்ணுக்கு அது குண்டு தேய்ந்த பேரிங்காகத்தான் தெரியும். புளூடூத் கருவிகளைச் சேர்த்துவைக்கும் 'pairing', சக்கரத்தில் சுழலும் 'bearing' என்று தமிழ் எழுத்தில் இரண்டு சொல்லுக்கும் ஒரே உருவம். அந்தக் குழப்பம் அடுத்த வரியைப் படித்தால் தீர்ந்துவிடும். "இணைக்க முடியவில்லை" என்று தமிழாக்கும்போது வருகிற குழப்பம் அவ்வளவு லேசில் தீராது. எது அறுந்தது என்றே தெரியாமல் அரைநாள் பட்டனை அழுத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

லத்தீனில் 'பார்' என்றால் சமமானது. அதன் பன்மையான 'பாரியா' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'பேர்' (pair) ஆயிற்று. சமமான இரண்டு என்பதே மூலப்பொருள். நம் 'இணை'யும் அதே இரட்டைப் பொருளைச் சுமக்கிறது. இணையற்றவர் என்றால் சமமானவர் இல்லாதவர். இணையடி என்றால் இரண்டு பாதம். பெயர்ச்சொல்லாக இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. வினையாக்கும்போதுதான் சிக்கல். 'இணை' என்றால் ஒட்டு, பூட்டு, கோத்துவிடு என எல்லாவற்றுக்கும் ஆகும். போனைத் தமிழில் வைத்திருப்பவருக்கு 'பேர்', 'கனெக்ட்' இரண்டுமே 'இணை'யாகத்தான் தெரிகின்றன.

புளூடூத்தில் நடப்பதோ மூன்று தனித்தனி வேலை. இரண்டு கருவிகள் முதன்முறை சந்தித்துத் தமக்குள் ஒரு ரகசியச் சாவி செய்துகொள்வது பேரிங். அந்தச் சாவியை இரண்டும் தத்தம் நினைவகத்தில் எழுதிவைப்பது பாண்டிங். மறுநாள் ஆன் செய்ததும் பழைய சாவியை வைத்துப் பேச்சைத் தொடங்குவது கனெக்ஷன். 2007-ல் வந்த 2.1 பதிப்புக்கு முன்பு 0000 மாதிரி ஓர் எண்ணைத் தட்ட வேண்டியிருந்ததால், பேரிங் தனி வேலை என்பது கைக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு, திரை இல்லாத கருவிகள் எண் எதுவும் கேட்காமலே சாவி செய்துகொள்கின்றன. மூன்றும் ஒரே சொடுக்கில் முடிந்துவிடுவதால் ஒன்றுபோலத் தோன்றுகின்றன.

பேரிங்குக்கு 'இணையாக்கம்', பாண்டிங்குக்குப் 'பிணைப்பு', கனெக்ஷனுக்குத் 'தொடர்பு' என்று பிரித்துக்கொள்வது நல்லது. 'இணைசேர்த்தல்' என்பது புறாவுக்கும் மாட்டுக்கும் ஆகிவந்த சொல், இங்கே வேண்டாம். 'ஜோடி சேர்த்தல்' பேச்சுக்கு ஓடும். எழுத்தில் அது சினிமாப் பக்கம் இழுத்துவிடும். 'பிணை'க்குக் கூடுதல் பொருத்தம் ஒன்று உண்டு: ஜாமீனும் பிணைதான், கட்டும் பிணைதான். ஆங்கிலத்து 'பாண்ட்' சொல்லுக்கும் அதே இரண்டு பொருள்.

இந்தப் பிரிவினை எதற்கு உதவும் என்பதற்குப் சூப்பர் நின்டெண்டோ என்ற பழைய வீடியோ கேம் பெட்டியின் கன்ட்ரோலரை எடுத்துக்கொள்ளலாம். பின்பக்கத்து ஐந்து திருகைக் கழற்றி, வயரையும் பழைய போர்டையும் எடுத்துவிட்டு, எய்ட்பிட்டூ நிறுவனத்தின் மாட் கிட் என்ற மாற்றுத் தொகுப்பில் வரும் புளூடூத் போர்டையும் சிறிய லித்தியம் பேட்டரியையும் உள்ளே வைப்பார்கள். கூடு, பட்டன், ரப்பர் எல்லாம் பழையதே. ஸ்டார்ட்டை அழுத்தினால் ஆன் ஆகும். செலக்டைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் விளக்கு வேகமாகச் சிமிட்டும். அதுதான் இணையாக்க நிலை. அப்படிச் சிமிட்டாதவரை அது பழைய ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறது, புதிய ஆளுக்குக் கதவு திறக்கவில்லை.

எந்தப் பட்டனோடு சேர்த்து ஸ்டார்ட்டை அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்து முறை மாறும்: பி என்றால் ஆண்ட்ராய்டு, எக்ஸ் என்றால் விண்டோஸ், ஏ என்றால் மேக், ஒய் என்றால் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கேம் கருவி. ஒவ்வொரு முறையிலும் கன்ட்ரோலர் தன்னை வேறு பெயரில், வேறு வகைக் கருவியாக அறிவித்துக்கொள்கிறது. ஸ்விட்சுக்கான முறையில் எழுந்ததைப் போனில் பழைய பெயரில் தேடினால் கிடைக்காது.

சரியாக அழுத்தியும் தவறான முறையிலேயே எழுகிறதா? ரப்பரைப் பாருங்கள். பழைய கூட்டில் நிற்கும் சிறிய முளைகள் ரப்பரின் துளைகளுக்குள் முழுக்க இறங்க வேண்டும். ஒரு முளை விலகினாலும் ரப்பர் சாய்ந்து, அடியிலுள்ள கருப்புக் கரிப்பொட்டு போர்டைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஒய் பட்டன் அப்படித் தொட்டுக்கொண்டிருந்தால், நீங்கள் ஸ்டார்ட்டை மட்டும் அழுத்தினாலும் போர்டின் கணக்கில் அது ஸ்டார்ட்டும் ஒய்யும்தான். திருகை மிகையாக முறுக்கினாலும் இதே கதை. ஐந்தையும் அரைச்சுற்று தளர்த்திப் பாருங்கள். சரியானால் குற்றம் போர்டில் இல்லை. பழைய அழுக்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே மூட வேண்டும்.

அடிக்கடி வரும் கோளாறு பிணைப்பில்தான். போன் சாவியை வைத்திருக்கும், கன்ட்ரோலர் மறந்திருக்கும், அல்லது நேர்மாறாக. பட்டியலில் பெயர் இருக்கும், தொட்டால் ஒரு நொடி பிடித்து விட்டுவிடும். இது தொடர்புக் கோளாறு மாதிரித் தெரிவதால் ஆன்-ஆஃப் செய்தே நேரம் போகும். போனில் அந்தப் பெயரை நீக்கிவிட்டு, கன்ட்ரோலரை இணையாக்க நிலைக்குக் கொண்டுவந்து, புதிதாகத் தொடங்குங்கள். அதற்குமுன், முன்பு பழகிய வேறு போனோ கணினியோ பக்கத்தில் இருந்தால் அதன் புளூடூத்தை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆன் ஆனதும் அது அங்கே ஓடிவிடும்.

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் எமுலேட்டர் (பழைய கேம்களை ஓட்டும் மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு கட்டளையிலேயே தெரியும். புளூடூத் கட்டளைக் கருவியைத் திறந்து, 'ரிமூவ்' கொடுத்துப் பழையதை நீக்கி, 'ஸ்கேன் ஆன்' செய்து, முகவரி தெரிந்ததும் 'பேர்', 'டிரஸ்ட்', 'கனெக்ட்' என்ற வரிசையில் கொடுக்க வேண்டும். பலர் விடுவது நடுவிலுள்ள 'டிரஸ்ட்'. அன்றைக்கு விளையாட்டு ஓடும். ராஸ்பெர்ரி பையை அணைத்துப் போட்டால் மறுநாள் கன்ட்ரோலர் தானாக ஒட்டாது. சாவி இருக்கிறது, அனுமதி இல்லை.

அருகில் வைத்தால் வேலை செய்து இரண்டு மீட்டரில் அறுந்தால் அது தொடர்பு. போர்டின் ஓரத்தில் வளைந்து வளைந்து ஓடும் செம்புக்கோடுதான் ஆன்டெனா. பேட்டரியை அதன்மேல் ஒட்டிவிடாதீர்கள். கூட்டுக்கு உலோகத்தூள் கலந்த ஸ்பிரே பெயின்ட் அடிப்பதும் வேண்டாம். யுஎஸ்பி 3 டிஸ்க் பக்கத்தில் இருந்தாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இரைச்சல் ஏறும். டிஸ்கைத் தள்ளி வைத்துப் பாருங்கள். விளக்கு எரிகிறதே என்று பேட்டரியை நம்பிவிடவும் கூடாது. விளக்குக்குப் போதுமான மின்சாரம் ரேடியோவுக்குப் போதாமல் போகலாம், அப்போது இணையாக்கத்தின் நடுவிலேயே அணைந்துவிடும். முழுச் சார்ஜில் மல்டிமீட்டர் ஏறக்குறைய 4.2 வோல்ட் காட்ட வேண்டும்.

கிட் வாங்காமல் இஎஸ்பி32 என்ற புளூடூத் உள்ள சில்லை வைத்துத் தாமே செய்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். முதல் இஎஸ்பி32-ல் கிளாசிக் என்ற பழைய வகைப் புளூடூத், மின்சாரம் குறைவாக எடுக்கும் குறைசக்தி புளூடூத் (BLE) இரண்டும் உண்டு. எஸ்3, சி3 வகைகளில் குறைசக்தி மட்டும்தான். ஸ்விட்ச் கன்ட்ரோலர்களோடு பேசுவது கிளாசிக்கில். எஸ்3 போட்ட கன்ட்ரோலர் போனில் அழகாகத் தெரியும், ஸ்விட்சில் தலைகாட்டவே செய்யாது. அங்கே அழிக்கப் பிணைப்பே கிடையாது. சில்லைத்தான் மாற்ற வேண்டும்.